சொல்லில்லாத ஐம்பத்தெட்டு விநாடிகள்

டென்மார்க்கின் ஓல்போர்க் நகரின் புறத்தே அமைந்த விளையாட்டு மண்டபமொன்றில் இருபத்திரண்டு ஆண்டுகள் பராமரிப்பாளனாகக் கடமையாற்றி ஓய்வு பெற்றவன் நான். அண்மையில் அம்மண்டபத்தின் பழைய ஒலிக்கூடத்தைப் பிரித்தெடுத்தார்கள். இனிமேல் பாட்டுகள் யாவும் கைத்தொலைபேசியிலிருந்தே ஒலிக்குமாம். பிரித்தெடுத்த அன்று மரியாதைக்காக என்னையும் கோப்பிக்கு அழைத்திருந்தார்கள். இப்போது பணியிலிருக்கும் ஊழியர் இருவர், மேசையின் அடியிலிருந்து வெளிப்பட்ட படிவக் கட்டொன்றைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு பாட்டைப் போடுவதற்கு அணித்தலைவரின் கையொப்பம் எதற்கு?" என்று கேட்டனர். ஒரு வாக்கியத்தில் விடை கூற என்னால் இயலவில்லை. வீடு திரும்பிய பின்னர், அவர்களுக்குக் கூற முடியாமற் போனதை நம்மவர்களுக்கேனும் எழுதி வைக்கலாம் என்று எண்ணினேன்.

என் பெயர் நாதன். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எழுதும் தமிழ், நூலக இரவல் புத்தகங்களிலிருந்து நானாகத் தேடிக்கொண்டது. பிழையிருப்பின் பொறுத்தருள்க.

எண்பதுகளின் நடுப்பகுதியில் இலங்கையின் வடக்கிலிருந்து அகதியாக இந்நாட்டுக்கு வந்தேன். முகாமில் பதினொரு மாதம், மொழிப்பள்ளியில் ஓராண்டு, மீன் தொழிற்சாலையில் இரண்டாண்டு. கத்தி பிடித்த மணிக்கட்டு வீங்கியதனால் அங்கிருந்து விலக்கப்பட்டு, மண்டபத்தில் தரை கழுவும் வேலைக்கு அனுப்பப்பட்டேன். கழுவ வந்தவன் அங்கேயே நிலைத்துவிட்டேன்.

மண்டபப் பணியைப் பலரும் எளிதென்று கருதுவர். டெனிஷ்காரருக்கு, பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்போல் உயிர். பந்து கையில் ஒட்டுவதற்காக அவர்கள் விரல்களில் ஒருவகைப் பிசின் பூசிக்கொள்வார்கள். அப்பிசின் தரையில், சுவரில், கதவுக் கைபிடியில், கழிப்பறைத் தாழ்ப்பாளில் எல்லாம் படியும். சுடுநீரில் அது இளகிப் பரவும், குளிர்நீரில் இறுகும். அதற்கென ஓர் எண்ணெய் உண்டு. அதை ஊற்றிச் சரியாக ஏழு நிமிடம் காத்திருந்து, பின்னரே வழித்தெடுக்க வேண்டும். ஐந்தாம் நிமிடத்தில் வழித்தவன் மறுநாளும் வழிப்பான். கரப்பந்தாட்ட (வொலிபோல்) வலை நடுவில் இரண்டு மீற்றர் நாற்பத்துமூன்று சென்ரிமீற்றர் உயரம் நிற்க வேண்டும். இரு ஓரங்களிலும் அதைவிட இரண்டு சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது. இதை அளவுகோல் வைத்து அளப்பேன். கண்ணால் அளப்பவர்களை என் மேலதிகாரி யென்ஸ் நம்புவதில்லை.

யென்ஸைப் பற்றிக் கூறாமல் மண்டபத்தைப் பற்றிக் கூற முடியாது. அவர் மரக்கட்டைச் செருப்பு அணிபவர். ஆயினும் அவர் வருவது எவருக்கும் கேட்காது. ஐம்பது சாவிகள் கொண்ட வளையத்தை, ஒலி எழாதபடி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தே நடப்பார். ஒருபோதும் குரல் உயர்த்தியதில்லை. கட்டளைகளைச் சிறு மஞ்சள் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டுச் செல்வார். நாம் பிழை செய்தால் மட்டும் தம் அறைக்கு அழைப்பார். உள்ளே நுழையும்போதே கோப்பி ஊற்றப்பட்டிருந்தால் பிழை பெரிது என்று அறிந்துகொள்வோம்.

ஆண்டுதோறும் ஆனி மாதக் கடைசிச் சனிக்கிழமை, அந்தப் பகுதித் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பல நாட்டவருக்கான கரப்பந்தாட்டப் போட்டி எங்கள் மண்டபத்தில் நடக்கும். இந்நாட்டில் அயல்நாட்டுக் கொடி ஏற்றுவதென்றால் போலீஸ் அனுமதி, கடிதம் என்று பல சிக்கல்கள் உண்டு. ஆதலால் யென்ஸ் கொடிகளையே ஒழித்துவிட்டார். "பாட்டுக்கு அனுமதி தேவையில்லை" என்பார். ஒவ்வோர் அணியும் மைதானத்துள் வரிசையாக வந்து நிற்கும். அதன் நாட்டின் தேசிய கீதம் ஒரு நிமிடத்துக்கு மேற்படாமல் ஒலிக்கும். பாட்டுக்கு நான் பொறுப்பு. ஒவ்வொன்றையும் முதல்நாள் முழுமையாகக் கேட்டு, விநாடி குறித்து, நாட்டின் பெயரை என் கையால் எழுதி ஒட்டி, வரிசைப்படி அடுக்கி வைப்பேன்.

யென்ஸின் விதி ஒன்றே ஒன்றுதான். பாட்டு முடியும்வரை எவரும் அசையக் கூடாது. "இல்லையென்றால் பாட்டுக்கும் வானொலிக்கும் என்ன வித்தியாசம்?" என்று கேட்பார்.

தொண்ணூறுகளின் நடுவில், பொஸ்னியாவிலிருந்து அகதிகளாக வந்தவர்களின் அணியொன்று முதன்முறையாகச் சேர்ந்தது. என்னிடமிருந்த தேசிய கீத இசைத்தட்டுப் பெட்டி அவர்களின் நாட்டைவிட வயதில் மூத்தது. நான் எதையும் விசாரிக்காமல், சிதறிப்போன அவர்களது பழைய பெருநாட்டின் பாட்டைப் போட்டுவிட்டேன். வரிசையில் நின்றவர்களில் இருவர் நெஞ்சில் கை வைத்தனர். ஒருவர் தரையில் அமர்ந்து முகத்தை மூடிக்கொண்டார். அணித்தலைவர் படியேறி வந்து, ஒலிக்கூடத்தின் கண்ணாடிக்கு முன்னால், பாட்டு முடியும்வரை என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் கதவைத் திறந்து, "பள்ளியில் நான் விரும்பிப் பாடிய பாட்டு. என் வீட்டைக் கொளுத்தியவர்களும் இதைத்தான் பாடி வளர்ந்தார்கள்" என்றார். அவர் ஊரில் பல் வைத்தியர். இங்கே அலுவலகம் துடைப்பவர். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அன்று யென்ஸின் அறையில் கோப்பி ஊற்றப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டுப் படிவத்தில் "பாட்டு" என்றொரு வரியும், அதன் கீழே அணித்தலைவரின் கையொப்பத்துக்கு இடமும் சேர்க்கப்பட்டன. புதன்கிழமை மதியத்துக்கு முன் அவ்வரி நிரப்பப்படாவிட்டால் அணி நீக்கப்படும். காத்திருக்கும் பட்டியலில் உள்ள அணி அவ்விடத்துக்கு வரும். நீக்கப்பட்ட அணி பட்டியலின் அடிக்குப் போகும். மறுபடி மேலே வரப் பல ஆண்டுகளாகும். சில ஆண்டுகள் கழித்து அதே பொஸ்னிய அணித்தலைவர் தம் புதிய நாட்டின், சொற்களே இல்லாத கீத இசைத்தட்டொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "மெட்டில் ஒத்துப்போய்விட்டோம். சொல்லில் முடியவில்லை" என்று சிரித்தார். ஊழியர் இருவரும் கேட்ட கையொப்பத்தின் வரலாறு இவ்வளவே. ஆனால் அக்கட்டில் இன்னொரு படிவமும் இருந்தது. அதன் வரியில் இருந்த எழுத்து என்னுடையது.

மீன் தொழிற்சாலையிலிருந்து ஆண்டுதோறும் இலங்கை அணியொன்று வரும். ஆறு பேர், மூவர் தமிழர், மூவர் சிங்களவர். அணித்தலைவன் நிமல் நீர்கொழும்பைச் சேர்ந்தவன். கடற்கரை ஊரானாதலால் தமிழ் பேசுவான். என்னை "அய்யா" என்பான். சிங்களத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அவனுக்குப் பந்தை எழுப்பிக் கொடுப்பவன் வசந்தன், பருத்தித்துறைக்காரன். வசந்தன் எழுப்பினால் நிமல் கண்ணை மூடிக்கொண்டும் அடிப்பான் என்று டெனிஷ்காரரே சொல்வார்கள். தொழிற்சாலையிலும் இருவரும் மீன் வரும் பெல்ட் எனும் ஓடுபட்டியின் இரு பக்கத்தில், நேருக்கு நேர் நின்று வெட்டுபவர்கள்.

நிமல் ஆண்டுதோறும் சிங்களத்தில் பாடப்பட்ட தேசிய கீதத்தையே கொண்டுவருவான். பாட்டு ஒலிக்கும்போது தமிழர் மூவரும் உடைமாற்றும் அறை வாசலில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருப்பார்கள். பாட்டு முடிந்ததும் ஓடிவந்து வரிசையில் சேர்வார்கள். பத்து ஆண்டுகளாக அந்த மூன்று சோடிச் சப்பாத்தும் சரியாக அந்த ஒரு நிமிடத்தில்தான் அவிழ்ந்தன. எல்லோருக்கும் தெரியும். ஒருவரும் பேசியதில்லை. யென்ஸ்கூட ஒருமுறை என் காதருகே, "உங்கள் நாட்டில் கயிறுகள் மிகவும் வழுக்கலோ?" என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு போர் முடிந்த ஆண்டு வந்தது.

அந்த வைகாசியில் நாம் எவ்வாறிருந்தோம் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. படிப்பவர்களில் பலர் அதை அனுபவித்தவர்களே. வசந்தனின் அக்காவும் அவள் பிள்ளைகள் இருவரும் வன்னியில் இருந்தார்கள். சித்திரை நடுப்பகுதிக்குப் பின் ஒரு செய்தியும் இல்லை. போர் முடிந்ததென்று அறிவித்த மறுநாள் காலை அவன் வேலைக்குப் போயிருக்கிறான். வீட்டிலிருந்தால் மூளை கலங்கிவிடும் என்று மனைவிதான் அனுப்பினாளாம். மதிய உணவு வேளையில் நிமல் ஒரு பாத்திரத்தைத் திறந்தான். உள்ளே, சதுரமாக வெட்டப்பட்ட பாற்சோறு. நல்ல காரியங்களுக்குச் சிங்கள வீடுகளில் சமைப்பது. வசந்தன் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து போனான். அன்றிலிருந்து ஐந்து கிழமைகள், ஒரு மாதத்துக்கும் மேலாக, பட்டியின் இரு பக்கத்திலும் நின்று ஒரே மீனின் இரு பாதிகளை வெட்டியவர்கள் ஒரு சொல்லும் பேசவில்லை.

போட்டி நடக்கும் வாரத்தின் திங்கட்கிழமை நிமல் படிவத்தோடு வந்தான். அடியில் கையொப்பமிட்டிருந்தான். பாட்டு வரி வெறுமையாக இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"நீங்களே எழுதுங்க அய்யா. நான் எதை எழுதினாலும் வசந்தன் வரமாட்டான். எழுதாட்டி டீம் இல்லை. இந்த வயசில ஒருக்கா விட்டா, பிறகு எங்களைத் திரும்பச் சேர்க்க ஏலாது."

"பேசிப் பார்த்தாயா?"

"எப்பிடிப் பேசறது? அவன் என்னைப் பார்க்கிறதே இல்லையே. மீனைத்தான் பார்க்கிறான்."

ஒரு நாட்டின் இரு பாதியினருக்கும் பொதுவான பாட்டொன்றை, தரை கழுவுபவன் ஒருவன் புதன்கிழமை மதியத்துக்குள் தெரிந்தெடுக்க வேண்டும். நகைப்புக்குரிய நிலை, ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ஆறு பேரைத் தவிர எங்கள் ஊரில் தமிழரும் சிங்களவரும் ஒன்றாக இருந்த இடம் வேறு எதுவுமில்லை.

என் பெட்டியில் இலங்கைப் பாட்டின் இசைக்குழு வடிவம் இருந்தது, சொற்கள் கிடையா, ஐம்பத்தெட்டு விநாடி. பொஸ்னியரை நினைத்துக்கொண்டேன். சொல்லை நீக்கினால் மெட்டு இருவருக்கும் பொது என்று எண்ணினேன். வடக்கில் படித்த நாங்களும் அதே மெட்டில், தமிழில், பள்ளிக் காலைகளில் பாடியவர்கள்தாமே.

இவ்விடத்தில்தான் நான் பெரும் பிழையொன்றைச் செய்தேன். நம்மூரில் கலியாணம் பேசுபவர்கள் கையாளும் முறை ஒன்றுண்டு. மாப்பிள்ளை வீட்டில் போய், "பெண் வீட்டார் எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்பார்கள். அப்படியே பெண் வீட்டிலும் போய், "மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்துவிட்டார்கள்" என்பார்கள். இரு வீட்டாரும் மற்றவர் இறங்கிவிட்டார் என்று நம்பித் தாமும் இறங்குவார்கள். என் பெரியப்பா இம்முறையில் பதினேழு கலியாணங்களை ஒப்பேற்றினார். பதினெட்டாவதாக ஒரு பாட்டை ஒப்பேற்ற நான் புறப்பட்டேன்.

செவ்வாய் மாலை வசந்தனின் வீட்டுக்குப் போனேன். தேநீர் தந்தான், தான் குடிக்கவில்லை.

"நிமல் சொல்லிப்போட்டான், சொல்லே வேண்டாமாம். வெறும் இசைதான். நீங்கள் மூண்டு பேரும் வரிசையிலை நிக்கவும் தேவையில்லையாம்" என்றேன். நிமல் இதில் ஒன்றையும் சொன்னவனல்லன்.

வசந்தன் என் கோப்பையை என் பக்கமாக நகர்த்தி வைத்தான். "அண்ணை, எனக்கு அதின்ரை பாஷையிலை பிரச்சினை இல்லை. தமிழிலை ஒவ்வொரு நாளும் பாடினனான். பிரச்சினை பாஷை எண்டால் எப்பவோ தீர்ந்திருக்கும். ஆனால் இனிக் குனிஞ்சு கயிறு கட்டிக்கொண்டு நிக்கேலாது. நிக்கமாட்டன் எண்டால், நிமிர்ந்து நிண்டு நிக்கமாட்டன் எண்டு சொல்லுவன். அவன் ஓம் எண்டு சொன்னவனோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப வாறன்."

வீடு திரும்பியதும் நிமலைத் தொலைபேசியில் அழைத்தேன். "வசந்தன் சம்மதம். சொல் மட்டும் வேண்டாமாம். மற்றபடி இந்தமுறை உங்களோடு வரிசையில் நிற்கிறானாம்" என்றேன். "நிக்கிறானா? உண்மையாகவா?" என்று இருமுறை கேட்டான். அப்போதாவது நான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. புதன் காலை, வரியில் "இசை மட்டும், 58 விநாடி" என்று என் கையால் எழுதி யென்ஸிடம் கொடுத்தேன்.

வியாழன் பிற்பகல் தொழிற்சாலை வேலை முடியும் நேரம், மண்டப வாசலில் ஒரு வாகனம் வந்து நின்றது. நிமல் ஓட்ட, வசந்தன் பக்கத்தில் இருந்தான். ஐந்து கிழமைகளின் பின்னர் இருவரும் ஒரே வாகனத்தில்! பெரியப்பாவின் கெட்டித்தனம் என் இரத்தத்திலும் ஓடுகிறது என்று பூரித்துப்போய், கோப்பிப் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். இருவரும் மீன்வாடை வீசும் இறப்பர் சப்பாத்தைக் கழற்றாமலே, நான் அப்போதுதான் துடைத்த தரையில் நடந்து வந்தார்கள்.

"அண்ணை, உங்களுக்கு என்ன விசரே?" என்று தொடங்கினான் வசந்தன். "இவன் எனக்கு நன்றி சொல்லுறான், பெல்ட்டுக்கு அங்காலை நிண்டு! வரிசையிலை நிக்கிறதுக்கு நன்றியாம்! ஆர் நிக்கிறது?"

"அய்யா, நான் எப்ப சொன்னேன் அவங்க நிக்கத் தேவையில்லைன்னு? எப்ப சொன்னேன்?" என்றான் நிமல். "வயசுக்கு மரியாதை குடுத்து உங்க கையில பேப்பரைக் குடுத்தா, இப்பிடிப் பொய் சொல்லுவீங்களா?"

"ரெண்டு பக்கமும் பொய்! ஒரு பக்கம் எண்டாலாவது பரவாயில்லை!"

"வெக்கமில்லையா அய்யா?"

ஒருவன் தமிழிலும் மற்றவன் தமிழும் சிங்களமும் டெனிஷும் கலந்தும் என்னை ஏசினார்கள். ஒருவன் மூச்சு வாங்கும்போது மற்றவன் தொடர்ந்தான். ஆட்டத்திலும் அவர்கள் அப்படித்தான். ஒருவன் எழுப்ப மற்றவன் அடிப்பான். ஏச்சு முடிந்தபோது அவர்களுக்குத் தாம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்ததுபோலும். இருவரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

வசந்தன் வாங்குப் பலகையில் அமர்ந்தான். நிமலைப் பார்க்காமலே கேட்டான்: "பாற்சோறு தின்ன எப்பிடி மனம் வந்தது?"

நிமல் நின்றபடியே இருந்தான். "என் தம்பி ஆமியில. தெரியும் தானே. எட்டு மாசம் அங்க இருந்தான். அன்னைக்கு விடிய அம்மா போன் பண்ணி, உசிரோட இருக்கான்னு சொல்லி அழுதாங்க. மாதா கோயில்ல நேர்த்தி வைச்சிருந்தாங்க. நீயும் சமைன்னு சொன்னாங்க. சமைச்சேன். அவ்வளவுதான், மச்சான்."

"அதே நாளிலை, மச்சான். அதே நாளிலை. நான் எப்பிடிப் பிரிச்சுப் பார்க்கிறது?"

"பிரிச்சுப் பார்க்க ஏலாதுதான். பக்டரிக்குக் கொண்டு வந்தது பிழை. அது எனக்குத் தெரியும்."

"உன்ரை தம்பி அங்கை நிண்டவன். என்ரை அக்கா எங்கை எண்டு அவனைக் கேள்."

"கேட்டேன்."

வசந்தன் நிமிர்ந்தான்.

"அக்கா பேர், பிள்ளைகள் பேர் எல்லாம் அன்னைக்கே குடுத்தேன். பேர் எனக்குத் தெரியும் தானே, பத்து வருசமாச் சொல்லுற. இன்னும் பதில் இல்லை. அவன் பயப்பிடறான், கேட்கிறதுக்கே. பதில் வந்தா உன்கிட்டப் பேசலாம்னு இருந்தேன். சும்மா வந்து என்ன பேசறது?"

கோப்பி கொதித்து வழிந்தது. நான் போய் அணைத்தேன். அந்த வேளையில் செய்வதற்கு எனக்கு ஒரு வேலை இருந்ததே ஆறுதலாயிருந்தது.

பின்னர் பாட்டைப் பற்றிப் பேசினார்கள். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும் தகுதியை நான் இழந்திருந்தேன். பாட்டே வேண்டாம், ஒரு நிமிட மௌனம் இருக்கட்டும் என்றான் நிமல். "ஆருக்காக மௌனம் எண்டு சனம் கேக்கும். நீ ஒரு பேர் சொல்லுவாய், நான் ஒரு பேர் சொல்லுவன்" என்றான் வசந்தன். பஸ்ஸில் சுற்றுலா போகும்போது இருபக்கத்தாரும் கைதட்டிப் பாடும் பைலாவைப் போடலாமா என்று நிமல் கேட்டான். "இந்த மாசத்திலையோ?" என்றான் வசந்தன். நிமல் தலை குனிந்தான். "அப்ப பக்டரியில கேக் வெட்டும்போது பாடுற பிறந்தநாள் பாட்டைப் போடச் சொல்லு. அது ஒண்ணுதான் ஆறு பேருக்கும் முழுசாத் தெரியும்" என்றான். வசந்தனின் உதட்டோரம் சற்று அசைந்தது.

"உந்த இசையே இருக்கட்டும்" என்றான் இறுதியில். "எழுதின பிறகு மாத்தினால் நாதன் அண்ணைக்குத்தான் கரைச்சல். ஆனால் நான் அதுக்கு நிக்கமாட்டன்."

"நீ வெளியில இருந்தா நான் தனிய நிக்கமாட்டேன். கயிறு விளையாட்டெல்லாம் போதும்."

"அப்ப ஒருத்தரும் நிக்காமல் விடுவம். பாட்டு ஓடேக்கை பந்தைப் போட்டு அடிச்சுக்கொண்டிருப்பம்."

குத்தலாகத்தான் சொன்னான். நிமல் அதைப் பிடித்துக்கொண்டான். "சரி. ஆறு பேரும் வட்டமா. பந்து கீழ விழாம. பாட்டு முடியும்வரை."

"விழக்கூடாது."

"நீ எழுப்பினா விழாது."

வெள்ளிக்கிழமை காலை நானாகவே யென்ஸின் அறைக்குப் போனேன். கோப்பி ஊற்றப்பட்டிருக்கவில்லை. நின்றபடியே அனைத்தையும் கூறினேன்: என் இரட்டைப் பொய், கையொப்பத்துக்கு மேலே என் எழுத்து, நாளை விதியை மீறப்போகும் ஆறு பேர். விதியைக் காக்க வேண்டுமென்றால் அணியை இப்போதே நீக்கலாம் என்பதையும் கூறினேன்.

அவர் எழுந்து இரு கோப்பைகளில் ஊற்றினார்.

"டென்மார்க்குக்கு இரண்டு தேசிய கீதங்கள் உண்டு, தெரியுமா? ஒன்று அரச குடும்பம் வரும்போது, மற்றது மற்ற நேரங்களில். இரண்டும் இருப்பதைப் பற்றி எவரும் சண்டை பிடித்ததில்லை. அதனால் இதில் எனக்கு அனுபவம் போதாது" என்றார். பிறகு, "பாட்டின்போது அசையக் கூடாது என்பது விதி. நான் கண்டால் நிறுத்துவேன்" என்றார்.

நான் தலையசைத்தேன்.

"நாளை அந்த நேரம் நான் வாகனத் தரிப்பிடத்தில் இருப்பேன். அங்கே ஒழுங்கு போதாது."

இருபது ஆண்டுகளில் அவர் வாகனத் தரிப்பிடத்தில் ஒழுங்கு பார்த்ததில்லை.

சனிக்கிழமை மேல்மாடம் நிறைந்திருந்தது. நம்மவர்கள் ஒரு மூலையில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். வசந்தனைப் பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். அவன் அந்தப் பாட்டுக்கு நிற்கிறானா என்று பார்க்க வந்தவர்களும் இருந்தார்கள். மறுகோடியில் சிங்களக் குடும்பங்கள் சில. இலங்கையின் பெயரை அழைத்தபோது ஆறு பேரும் ஒன்றாக வெளிப்பட்டார்கள். உடைமாற்றும் அறை வாசலில் எவரும் குனியவில்லை. வட்டமாக நின்றார்கள். நிமல் ஒலிக்கூடத்தை நோக்கிக் கையை உயர்த்தினான். நான் விசையை அழுத்தினேன்.

பந்து எழுந்தது. வசந்தனின் விரல் நுனியிலிருந்து நிமலுக்கு, நிமலிடமிருந்து அடுத்தவனுக்கு. மேல்மாடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. டெனிஷ்காரர் எழுவதா இருப்பதா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றார்கள். நம்மவர்களில் மூவர் எழுந்து வெளியே போனார்கள். சிங்களப் பெரியவர் ஒருவர் ஏதோ கூவினார். பந்து விழவில்லை. இருபது விநாடி, முப்பது விநாடி. என் கண் பாதி கருவியின் இலக்கத்திலும் பாதி பந்திலும் இருந்தது.

முப்பத்தொன்பதாம் விநாடியில் பந்து விழுந்தது. வசந்தனுக்கும் நிமலுக்கும் நடுவே, இருவரிடமிருந்தும் ஓரடி தூரத்தில். இரண்டு முறை துள்ளியது. பிறகு நின்றுவிட்டது.

எவரும் குனிந்து அதை எடுக்கவில்லை. இசை ஓடிக்கொண்டிருந்தது. கைகள் தாழ்ந்தன. தரையிலிருந்த பந்தைப் பார்த்தபடி ஆறு பேரும் அசையாமல் நின்றார்கள். எதற்காக நின்றார்கள் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, எனக்குத் தெரியாது. மேல்மாடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக முழுமையாக எழுந்தார்கள். நம்மவர் மூலையிலும் சிலர் எழுந்ததைக் கண்டேன், சிலர் எழவில்லை, எவரும் பேசவில்லை. பத்தொன்பது விநாடி அவ்வளவு நீளமானதென்று எனக்கு அதற்குமுன் தெரியாது. வாசலைப் பார்த்தேன். வாகனத் தரிப்பிடத்தில் இருக்க வேண்டிய யென்ஸ், சாவிகளை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்தபடி அங்கே நின்றிருந்தார்.

முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். இரண்டாவதில் வென்றார்கள். மூன்றாவதில் போலந்துக்காரர் அவர்களை வெளியேற்றினார்கள். போட்டிக்குப் பின்னர் வசந்தனோடும் என்னோடும் பேசுவதைச் சிலர் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களிலும் தவறில்லை, அந்த ஆண்டு எவருக்கும் எதையும் பொறுக்கும் பலம் இருக்கவில்லை. வசந்தனின் அக்காவைப் பற்றிய செய்தி ஆடி மாதத்தில் வேறு வழியாக வந்தது. அதை எழுதும் உரிமை எனக்கில்லை. செய்தி வந்த நாள் அவனை வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டவன் நிமல் என்று மட்டும் சொல்வேன். அணி அதற்குப் பின்னும் ஆறு ஆண்டுகள் விளையாடியது, நிமலின் முழங்கால் அவனைக் கைவிடும்வரை.

போட்டி நடந்த அன்று மாலை வலையைக் கழற்றிக்கொண்டிருந்தபோது இருவரும் பைகளோடு என்னைக் கடந்து போனார்கள். கேட்க எனக்கு உரிமையில்லைதான். எனினும் கேட்டுவிட்டேன்: "பந்து விழுந்ததும் ஏன் ஒருத்தரும் எடுக்கேல்லை?"

"இவன் எடுப்பான் எண்டு நினைச்சன்" என்றான் வசந்தன். "அது இவன்ரை பந்து."

"பொய் அய்யா! அது அவன் பந்து. அவனுக்குக் கிட்டத்தான் விழுந்தது."

"உனக்குத்தான் கிட்ட. உன்ரை இடது கால் எங்கை நிண்டது? சொல்லு."

"என் கால் பின்னால நிண்டது. நான் உன்னைப் பார்த்தேன், நீ எடுப்பன்னு."

"நான் உன்னைப் பார்த்தன்."

கதவைத் தாண்டியும் குரல் கேட்டது. சாளரத்தருகே போய்ப் பார்த்தேன். வாகனத்தில் ஏறி அமர்ந்த பின்னரும் புறப்படாமல், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள தூசியில் வசந்தன் விரலால் ஒரு கோடு கீறி, இந்தப் பக்கம் உன்னுடையது என்று காட்டினான். நிமல் அதை உள்ளங்கையால் துடைத்துவிட்டு, சற்றுத் தள்ளி வேறொரு கோடு கீறினான்.

வெளிச்சம் குறையத் தொடங்கியும் வாகனம் அங்கேயே நின்றது.